குன்னூரில் ஒரு மனநல ஆலோசகர்: என் அனுபவம்

தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப்பணி பார்க்கும் நான், தந்தையின் மறைவுக்குப் பின் ஓராண்டாகத் தூக்கமிழந்து தவித்ததை எவரிடமும் சொல்லக் கூசி, கடைசியில் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணை நள்ளிரவில் அழைத்தேன். தமிழிலேயே பேசி, நேரில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் நான் போய்ப் பார்த்த ஆலோசகர், "ஆம்பளை இப்படி உடையலாமா?" என்று கேட்டார், மறுமுறை போகவில்லை. குன்னூரில் இப்போது பார்ப்பவரோ, தம் தகுதியையும், உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய என் பேச்சு வெளியே போகாது என்பதையும் முதல் நாளே விளக்கினார். அறையின் சுவர்தான் மெல்லியது. பக்கத்தில் இருமினால் கேட்கிறது. (படிக்கட்டில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் பல்வலி என்று சொல்லிவிடலாம், கீழே பல் மருத்துவர் இருக்கிறார்.) அப்பாவின் ஸ்வெட்டரை இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை என்று நான்காவது சந்திப்பில்தான் சொன்னேன், அவர் எதுவும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.