எனாக்சபாரின் சிரிஞ்ச்: குமிழியில் கை வைக்காதீர்கள்

மாரடைப்பு, காலில் ரத்தக்கட்டி, இதய வால்வு மாற்றியவர் அறுவைக்காக வார்ஃபரினை (ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை) நிறுத்தி வைக்கும் சில நாட்கள். இப்படிப் பல இடங்களில் எழுதித் தரப்படும் ஊசி எனாக்சபாரின். கிளெக்சேன் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அதே மருந்து வேறு பெயர்களிலும் கிடைக்கிறது. ரத்தம் உறையாமல் காக்கும் இந்த மருந்து, நிரப்பித் தயாராக இருக்கும் சிரிஞ்சில் வருவதால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். சிரிஞ்ச் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. சாதாரண ஊசி என்று நினைத்துக் கையாளும்போதுதான் கோளாறு.

உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருக்கும். மற்ற ஊசிகளில் செய்வதுபோல நுனியை மேலே தூக்கித் தட்டி அதை வெளியேற்றினால் கூடவே மருந்தும் போய்விடும். குமிழி அங்கே இருப்பதே, கடைசிச் சொட்டு மருந்தையும் தள்ளிவிடத்தான். தோலுக்கடியில் போடும் ஊசி என்பதால் அவ்வளவு காற்று ஒன்றும் செய்யாது. முழு சிரிஞ்சையும் போடுவதானால் குமிழியைத் தொடவே வேண்டாம்.

குறைத்துப் போடும்போது நிலைமை வேறு. 20, 40 மில்லிகிராம் சிரிஞ்சுகளில் அளவுக்கோடு கிடையாது, அவை முழுதாகப் போடவே. 60, 80, 100 சிரிஞ்சுகளில் கோடுகள் உண்டு. கிளெக்சேனில் ஒரு கோடு 0.025 மில்லி, அதாவது 2.5 மில்லிகிராம். சிகிச்சைக்கான வழக்கமான அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 65 கிலோ எடையுள்ளவருக்கு 80 சிரிஞ்ச் வாங்கி 0.15 மில்லியை வெளியேற்ற வேண்டும். அப்போது ஊசி முனை தரையைப் பார்க்க வேண்டும். குமிழி மேலேறி பிஸ்டன் பக்கம் நின்றுவிடும், வெளியே வருவது மருந்து மட்டும். முனையில் சொட்டு தொங்கினால் தட்டி விடுங்கள், துடைக்காதீர்கள். அந்தச் சொட்டு தோலில் பட்டாலும் ரத்தக்கன்றல் வரும்.

சிறுநீரகம் மோசமாக இருந்தால் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ், நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே) அதே 1 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறைதான். பழைய சீட்டை வைத்து மருந்து வாங்கும் பழக்கம் இந்த ஊசிக்கு ஆகாது.

பெட்டியில் இன்னொரு கண்ணி உண்டு. சில நாடுகளில் மில்லிகிராமோடு யூனிட்டும் அச்சடிப்பார்கள்: 40 மில்லிகிராம் என்றால் 4000 யூனிட். மில்லிக்கு 100 மில்லிகிராம் என்பதுதான் வழக்கமான செறிவு, ஆனால் 150 மில்லிகிராம் செறிவிலும் சிரிஞ்ச் இருக்கிறது. மில்லியை மட்டும் பார்த்துப் போட்டால் ஒன்றரை மடங்கு உள்ளே போய்விடும்.

போடும் இடம் அடிவயிற்றின் இடமும் வலமும், தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி, தினம் பக்கம் மாற்றி. மூடியை நேராக இழுங்கள். திருகினால் ஊசி வளையும். படுத்தோ சாய்ந்தோ இருந்து, தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழு நீளமும் இறக்குங்கள். மருந்து முழுதும் போய் ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடக்கூடாது. பிறகு தேய்க்கவே தேய்க்காதீர்கள். வயிறு நீலம் பாரித்துப்போன பலரிடம் விசாரித்தால் தேய்த்தது தெரியவரும். தசையில் ஒருபோதும் போடக்கூடாது, உள்ளே ரத்தம் கட்டும்.

300 மில்லிகிராம், 3 மில்லி குப்பியும் விற்பனையில் உண்டு. வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். காரணம், அதிலிருந்து மருந்தை இழுக்க வீட்டிலிருக்கும் இன்சுலின் சிரிஞ்சை எடுத்துவிடக்கூடும். நம் ஊர்களில் புழங்கும் 40 யூனிட் சிரிஞ்சில் ‘40’ என்ற கோடு ஒரு மில்லி. 40 மில்லிகிராம் என்று நினைத்து அந்தக் கோடுவரை இழுத்தால் போவது 100 மில்லிகிராம். குப்பியில் பென்சைல் ஆல்கஹாலும் கலந்திருக்கிறது, பச்சிளம் குழந்தைகளுக்கு ஆகாதது.

சில தயாரிப்புகளில், ஊசியை வெளியே எடுத்தபின் பிஸ்டனை அழுத்தினால் பாதுகாப்பு உறை ஊசியை மூடிக்கொள்ளும். எல்லாவற்றிலும் அது இல்லை, வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திரும்ப மாட்டப் பார்க்காமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். போடாத சிரிஞ்சுகளை 25 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம், ஃப்ரீசரும் வேண்டாம்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் என்று தாமாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. டாக்டர் தந்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மலம் கறுத்துப் போனால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், திடீரென்று கடும் தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. முதல் இரண்டு வாரத்தில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். இந்த மருந்தே சிலருக்கு அதைக் குறைத்து, எதிர்மாறாக ரத்தக்கட்டியை உண்டாக்கும்.

போட்ட மணியைப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள். முதுகில் மயக்க ஊசி போட வேண்டிவந்தால் மயக்க மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்: ரத்தக்கட்டி வராமல் இருக்கப் போடும் தடுப்பு அளவென்றால் குறைந்தது 12 மணி நேரமும் சிகிச்சை அளவென்றால் 24 மணி நேரமும் கழிந்திருக்க வேண்டும்.