சோட்ஸில் அகராதி: 1975ஆ, 1988ஆ?

மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் பேசப்படும் மாயா மொழி சோட்ஸில். அதைப் படிக்கத் தொடங்குபவர்கள் மானிடவியலாளர் ராபர்ட் லாஃப்லினின் இரண்டு பெரிய அகராதிகளில் எதை எடுப்பது என்று தடுமாறுகிறார்கள்.

காலம்: 1975இல் வந்தது, சியாபாஸில் உள்ள சினகந்தான் என்ற ஊர் மக்களின் வாழும் பேச்சு. 1988இல் வந்தது, டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த, பெயர் தெரியாத துறவி ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த சொற்கள். இதில் மொழியியல் மானிடவியலாளர் ஜான் ஹேவிலாண்டும் சேர்ந்து உழைத்தார்.

அளவு: முன்னது சுமார் 30,000 பதிவுகள். பின்னது மூன்று தொகுதிகள்.

செலவு: இரண்டும் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஸ்மித்சோனியனின் வெளியீடு, இணையத்தில் இலவசம்.

பண்பாடு: இங்கேதான் நான் நின்றுவிடுவேன். தொண்டையை அடைத்து வெடிக்கும் ககரத்தோடு சொல்லும் 'கோப்' என்ற ஒரே சொல்லுக்குப் பேச்சு, மொழி, வழக்கு, சண்டை என்றெல்லாம் பொருள். தங்கள் மொழியை அவர்கள் 'பட்ஸி கோப்', அதாவது மெய்யான பேச்சு என்கிறார்கள். எவ்வளவு அழகு!

சரி, எதை எடுப்பது? ஊருக்குப் போய்ப் பேச வேண்டும், கதை கேட்க வேண்டும் என்றால் 1975. காலனியக் கால ஆவணங்களைப் படிப்பவருக்கு 1988. முடிவெடுக்க முடியவில்லையா, 1975இல் தொடங்குங்கள். 16ஆம் நூற்றாண்டுச் சொற்கள் அப்புறம் தானாகப் பிடிபடும்.