வயிற்றில் பை வைத்தவருக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது: இளநீரா, ஓ.ஆர்.எஸ்.ஸா, உப்புக் கஞ்சியா?

குடல் ஆபரேஷன் முடிந்து, இலியோஸ்டமிப் பையோடு (சிறுகுடலின் வாயை வயிற்றுக்கு வெளியே எடுத்துவிட்டு, கழிவைப் பிடிக்க அங்கே ஒட்டும் பை) வீடு திரும்பிய எங்கள் பெரியம்மாவைப் பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னது, "தண்ணி நிறைய குடிங்க." அவரும் குடித்தார். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது, நாக்கு மட்டும் வறண்டே கிடந்தது.

காரணம் இதுதான். பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் உப்பும், அதைத் தொடாமலே சிறுகுடலிலிருந்து நேராகப் பைக்கு வந்துவிடுகின்றன. இந்த நிலையில் உப்பில்லாத நீரை நிறைய ஊற்றினால், குடல் உடம்பிலிருக்கும் உப்பையும் இழுத்துச் சேர்த்து வெளியே தள்ளும். அதனால்தான் பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு வெறும் தண்ணீர், டீ, ஜூஸ் எல்லாம் சேர்த்தே ஒரு லிட்டருக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள்.

சரி, இளநீர்? நம் ஊரில் நோயாளி என்றாலே இளநீர்தான். ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம்; இங்கே வேண்டியது சோடியம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கோ அந்தப் பொட்டாசியமே வம்பு. ஆசைக்கு ஒன்று குடிக்கலாம், அதையே மருந்தாக நம்ப வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். பொடியில் சர்க்கரை சேர்ப்பது ருசிக்காக அல்ல. குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கைபிடித்துக் கூட்டிப் போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கலவை இன்னும் கெட்டி: 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. ருசி மோசம்தான், ஃபிரிட்ஜில் வைத்து மடக்கு மடக்காகக் குடித்தால் இறங்கும். அப்புறம் ஒன்று, ஓ.ஆர்.எஸ். என்ற பேரில் டெட்ரா பேக்கில் விற்ற பழச்சுவைப் பானம் வேறு சங்கதி. சர்க்கரை தூக்கல், உப்பு குறைவு. 2025 அக்டோபரில்தான் அந்தப் பேரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிக்கு என் ஓட்டு கொஞ்சம் பாரபட்சமானது. பையில் போவதை மாவுச்சத்து கெட்டியாக்கும், முக்கியமாக, முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். ஆனால் உப்பைக் கைக்கு வந்தபடி போடுவதால் அளவு நிற்காது, புரதமும் சொற்பம். வாரக்கணக்கில் கஞ்சியிலேயே ஓட்டினால் புண் ஆறச் சுணங்கும். குழையவேக வைத்த பருப்பு, முட்டை, மீன் என்று சீக்கிரமே சேர்க்க வேண்டும். உப்பு மோர் இடைவேளைக்குப் பரவாயில்லை, பால் ஒத்துக்கொள்பவராக இருந்தால்.

பை அடிக்கடி நிறைகிற நாளில் ஓ.ஆர்.எஸ்., மற்ற நாளில் கஞ்சி, இளநீர் மூன்றாவதாக. தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீர் குறைவது என்று வந்தால் வீட்டில் எதையும் கலக்கிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பெரியம்மாவுக்கு இரண்டு பாட்டில் சலைன் ஏறிய பிறகுதான் எங்களுக்கே இதெல்லாம் தெரிந்தது.