பவுலோனியா டெலிகாஸ்டர் பாடி: லேசான மரம், நிதானமான கை வேண்டும்

டெலிகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிடாருக்கான பவுலோனியா மர பாடி இது. வழக்கமான ஆல்டர் மர பாடி இரண்டு கிலோவை ஒட்டி வரும், இது 1.2 கிலோதான். நெக் பாக்கெட் (நெக் வந்து பொருந்தும் குழி) 56 மி.மீ. அகலம், அருமையான கச்சிதம். நெக் ஆடவே இல்லை.

ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஸ்க்ரூவை நேரடியாக முடுக்கினால் மரை அறுந்துவிடும். பைலட் துளை (ஸ்க்ரூவைவிடச் சிறிய முன்துளை) போட்டு, ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி, துளைக்குள் நீர்த்த சூப்பர் க்ளூ இரண்டு சொட்டு விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கையாலேயே முடுக்கவும், மெஷின் வேண்டாம். சென்னை ஈரக்காற்றுக்கு உட்குழிகளிலும் சீலர் (ஈரம் புகாமல் தடுக்கும் பூச்சு) அடிப்பது கட்டாயம்.

கம்பியை முறுக்கும் ட்யூனர் கனமாக இருந்தால் தலைப்பக்கம் சாயும். லேசானதாகப் போடுங்கள், அகலமான தோல் ஸ்ட்ராப்பும் உதவும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 250கே பாட் (வால்யூம், டோன் கூட்டிக் குறைக்கும் பாகம்) வாங்கினால், அதன் மரை போட்ட கழுத்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். 7 மி.மீ. கழுத்து, கன்ட்ரோல் பிளேட்டின் 9.5 மி.மீ. துளையில் நிற்காது.