'தி டீனேஜ் பிரெய்ன்': வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு

வீட்டில் பதினாறு வயதுப் பையன். ராத்திரி ஒரு மணி வரை விழிப்பு, காலையில் எழுப்பினால் சண்டை, என்ன கேட்டாலும் "ம்". அந்த எரிச்சலில்தான் வயசுப் பிள்ளைகளின் மூளை பற்றி ஃபிரான்ஸிஸ் ஜென்சன் எழுதிய இந்தப் புத்தகத்தை வாங்கினேன். ஏமி எல்லிஸ் நட் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து எழுதியது, 2015-இல் வந்தது.

ஜென்சன் நரம்பியல் டாக்டர். பாஸ்டனில் பல வருடம் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் வலிப்பை ஆராய்ந்தவர், அப்புறம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் துறைத் தலைவரானார். பச்சைக் குழந்தையின் வலிப்புக்கும் வயசுப் பிள்ளையின் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். இருக்கிறது. நம் மூளையில் செல்களை அடக்கி வைக்கிற காபா என்ற ரசாயனம், பிறந்த குழந்தையின் மூளையில் அதே செல்களைத் தூண்டிவிடக்கூடும். காபாவின் வேலையைக் கூட்டிப் பெரியவர்களின் வலிப்பை அடக்குகிற மருந்து சிசுவுக்குச் சரியாகக் கேட்காமல் போவதற்கு அது ஒரு காரணம். குழந்தையின் மூளை நம் மூளையின் சின்ன சைஸ் இல்லை, அதன் கணக்கே வேறு. ஆய்வகத்தில் இதைப் பார்த்தவர், தன் இரண்டு பையன்களும் வளர்ந்து நின்றபோது அந்த வயது மூளையின் கணக்கும் வேறுதானா என்று கேட்கிறார்.

மூளை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக முதிர்கிறது, யோசித்து நிதானிக்கிற முன்மூளைக்கு இணைப்பு முழுசாகக் கிடைக்க இருபது வயது தாண்டிவிடும். இது பலரும் கேள்விப்பட்டதுதான். என்னை உலுக்கியது வேறு: பாடம் மனதில் பதிவதும் போதைப் பழக்கம் பதிவதும் பெரும்பாலும் ஒரே வழியில் நடக்கிற வேலை. சீக்கிரம் கற்கிற வயது என்பதாலேயே சீக்கிரம் அடிமையாகிற வயதும் அதுதான். மது பற்றிய விஷயமும் அப்படித்தான். இளம் எலிகளுக்குச் சாராயம் கொடுத்தால் வளர்ந்த எலிகளைப் போலச் சுருண்டு தூங்குவதில்லை, ஆனால் நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ் அதிகமாக அடிவாங்குகிறது. "எனக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று பெருமையடிக்கிற பையனை நினைத்துப் பாருங்கள்.

குறையும் உண்டு. சில இடங்களில் பயமுறுத்தல் அதிகம். கஞ்சா பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்: சிறுவயதிலேயே தொடங்கி விடாமல் புகைத்தவர்களுக்கு ஐக்யூ சரிந்தது என்று 2012-இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று சொன்னது, 2016-இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வோ புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் அப்படியொரு வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. வேப் என்கிற மின் சிகரெட் பள்ளிக்கூடங்களுக்குள் பரவியது பெரும்பாலும் இந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான், அதற்கு வேறு இடம்தான் தேட வேண்டும்.

வாங்கினால் தூக்கம் பற்றிய அத்தியாயத்தில் தொடங்குங்கள். தூக்கத்தைக் கொண்டுவருகிற மெலடோனின் இந்த வயதில் தாமதமாகச் சுரக்கிறது என்று படித்த பிறகு காலையில் நான் கத்துவதில்லை. பையனிடம் அந்தப் பக்கங்களைத்தான் காட்டினேன். அவன் தானாகவே மது பகுதியைப் புரட்டிவிட்டு, "எலிக்கு எவ்வளவும்மா ஊத்துனாங்க?" என்று கேட்டான். அன்றைக்கு ரசம் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.