கம்ப்ரஸர் பென்ஸுக்கு இழுவை போச்சுன்னா இந்த அம்பத்தூர் கராஜுக்குப் போங்க

என்னோடது 2009 மாடல் சி200 கம்ப்ரஸர், டபிள்யூ204 பாடி, 1.8 லிட்டர் எம்271 என்ஜின். டர்போ கிடையாது, சூப்பர்சார்ஜர், எக்ஸாஸ்ட்ல சுத்தாம என்ஜின் பெல்ட்லயே சுத்தி காத்த அமுக்கி உள்ள தள்ளும். 184 குதிரை சக்தி வண்டி, நாலு மாசமா அதுல பாதி கூட இல்ல. சிக்னல்ல கிளம்பும்போது நல்லா போகும், ஐடில்ல ஆடாது, ஆனா மதுரவாயல் பைபாஸ்ல லாரிய தாண்டலாம்னு மிதிச்சா 3000 ஆர்பிஎம்முக்கு மேல அப்படியே படுத்துக்கும், சைலன்சர் வாயெல்லாம் கரி, மைலேஜ் 9ல இருந்து 6க்கு வந்துடுச்சு.

மொதல்ல போன இடத்துல (பேர் வேணாம்) ஸ்கேனர் மாட்டினாங்க, எரர் கோட் ஒன்னும் வரல, உடனே சூப்பர்சார்ஜர் போயிடுச்சு சார், ஒன்னே முக்கால் லட்சம் ஆகும்னுட்டாங்க. ஒரு போல்ட் கூட கழட்டல. ரெண்டு நாள் எனக்கு தூக்கமே இல்ல, அந்தக் காசுக்கு நான் எங்க போறது.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொல்லித்தான் இங்க போனேன். பாடி பிரிட்ஜ் இறங்கி எஸ்டேட் உள்ள வரணும், நீல ஷட்டர், போர்டு சின்னதுதான். கராஜ் அண்ணன் பானெட்டயே தொறக்கல, "சார், நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்"னு லேப்டாப்ப மடில வெச்சுக்கிட்டாரு.

அவர் பாத்த விதத்த கொஞ்சம் விவரமா சொல்றேன், இதே மாதிரி வண்டி வெச்சிருக்கவங்களுக்கு உதவும். சாவி ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்ணாம இருக்கறப்ப மேனிஃபோல்ட் பிரஷர் (என்ஜினுக்குள்ள காத்து நுழையற இடத்து அழுத்தம்) 100 கிலோபாஸ்கல் கிட்ட காட்டுச்சு, நம்ம ஊர் கடல் மட்டம் இல்லையா, வெளிக்காத்தே அவ்ளோதான், அப்ப சென்சார் சரியா சொல்லுதுன்னு அர்த்தம். அப்புறம் பைபாஸ்ல முழுசா மிதிக்க சொன்னாரு, பிரஷர் 112ல நின்னுடுச்சு, ஏறவே இல்ல. ஆனா ஏர் ஃபில்டருக்கு பக்கத்துல, உள்ள போற காத்த அளக்கற ஏர் மாஸ் சென்சார் மட்டும் காத்து நிறைய போகுதுன்னு காட்டுது. இங்கதான் அண்ணன் ஒரு விஷயம் சொன்னாரு: பெல்ட் வழுக்கினாலோ காத்த சுத்தி திருப்பி விடற பைபாஸ் ஃபிளாப் தொறந்தே மாட்டிக்கிட்டாலோ சூப்பர்சார்ஜர் தேஞ்சிருந்தாலோ அந்த சென்சார்லயும் காத்து கம்மியாத்தான் காட்டும், இது நல்லா இழுக்குது, இழுத்த காத்து என்ஜினுக்கு வந்து சேரல, நடுவுல எங்கயோ வெளிய போகுது. சென்சார் எண்ணின காத்துக்கு பெட்ரோல் ஊத்திடுது, காத்து வரல, அதான் கரி. எனக்கு அப்பதான் உசுரு வந்துச்சு.

திரும்ப வந்து ஸ்மோக் டெஸ்ட் (புகை ஏத்தி எங்க கசியுதுன்னு பாக்கறது) போட்டாங்க, ஒன்னும் தெரியல. இன்னொருத்தரா இருந்தா இதோட விட்டிருப்பாங்க. இவரு இன்டேக் வாய அடைச்சு, ரெகுலேட்டர் வெச்சு 10 பிஎஸ்ஐ காத்து ஏத்தி, காத்த குளிர வெக்கற இன்டர்கூலர்ல இருந்து, என்ஜினுக்கு காத்த அளந்து விடற த்ராட்டிலுக்கு வர ஹோஸ் மேல சோப்பு தண்ணி அடிச்சாரு. ஹோஸோட அடிப்பக்கம், கைய விட்டாத்தான் தட்டுப்படற இடத்துல, லேசா எண்ணெய் கசிஞ்சு தூசி ஒட்டி கருப்பா இருந்துச்சு, சரியா அங்க இருந்து கொசகொசன்னு நுரை. கழட்டி வளைச்சு காமிச்சாரு, நகம் அளவுக்கு ஒரு கிழிசல், வளைச்சாத்தான் வாய தொறக்குது, விட்டா மூடிக்குது. ஐடில்ல அந்த ஹோஸ்ல பிரஷரே இருக்காது, அதனாலதான் அங்க ஒரு கோளாறும் தெரியல. பதினஞ்சு வருஷ ரப்பர், நம்ம வெயில், அண்ணா நகர் டிராஃபிக் சூடு, வண்டி மேல குத்தம் சொல்ல முடியாது.

புதுப்பேட்டைல பழசு கிடைக்குமான்னு கேட்டேன், ரப்பர் ஐட்டம் மட்டும் பழசு போடாதீங்க சார்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. புதுசு வர மூணு நாள் ஆச்சு. ஹோஸ், ரெண்டு கிளாம்ப், லேபர், டெஸ்ட் எல்லாம் சேத்து 11,400 ரூபா, பில் கொடுத்தாங்க, பழைய ஹோஸையும் கையில கொடுத்தாங்க. மறுபடி அதே ரோட்ல அதே மிதி, பிரஷர் 140ஐ தாண்டுச்சு, அந்த சூப்பர்சார்ஜர் விசில் சத்தம் எவ்ளோ நாள் கழிச்சு கேக்கறேன்!

குறைன்னா, போன் எடுக்க மாட்டாங்க, நேர்லதான் போகணும், வண்டி நிறுத்த இடமும் கம்மி, மழை நாள்ல அந்த ரோடு ரொம்ப மோசம். ஞாயித்துக்கிழமை லீவு. மேனிஃபோல்டுக்கு கீழ இருக்கற பிரீதர் ஹோஸும் (என்ஜின் உள்ள சேர்ற ஆவி போற குழாய்) கெட்டிப்பட்டு போயிருக்கு, இப்ப அவசரம் இல்ல, பொங்கல் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருக்காரு, அவர்கிட்டயேதான் போவேன்.