ஹொக்கி இல்லாத மாதங்களுக்கு எது பொருந்தும்: புற்தரைப் பயிற்சியா, ஸ்கேட்டிங்கா?

எங்கள் மகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த கையோடு பாடசாலை ஹொக்கிப் பயிற்சியில் சேர்ந்தாள். தரம் 6 இன் இரண்டாந் தவணை முழுவதும் வாரத்தில் நான்கு நாட்கள், பாடசாலை விட்ட பின்னர் மைதானத்தில்தான் நின்றாள். ஓகஸ்டில் போட்டிகள் முடிந்தபோது, அடுத்த பருவம் தொடங்கும் வரையான மாதங்களை எப்படி அமைத்துக் கொடுப்பது என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. அவளுக்கு விளையாட்டில் ஆசை குறையவில்லை. ஆனால், மறுநாள் பயிற்சி என்றால் இரவுச் சாப்பாட்டின்போதே முகம் வாடுவதை நானும் கணவரும் கவனித்திருந்தோம். ஆகவே, உடல் அசைவு நின்றுவிடக் கூடாது, நெருக்குதலும் இருக்கக் கூடாது என்ற இரண்டை மட்டும் மனத்தில் வைத்துத் தேடினோம். வெள்ளவத்தையிலிருந்து அலைச்சலின்றிப் போய்வரக் கூடியவையாக இரண்டு வழிகள் எஞ்சின. ஒன்று, வார இறுதியில் செயற்கைப் புற்தரையில் நடக்கும் தனியார் ஹொக்கிப் பயிற்சி. மற்றது, தெஹிவளைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடக்கும் ரோலர் ஸ்கேட்டிங் வகுப்பு. முதலாவதில் ஒரு மாதமும் இரண்டாவதில் நான்கு மாதங்களும் இருந்து பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். என் மனம் ஸ்கேட்டிங் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறு இரு வழிகளையும் யோசித்தோம். தனியாக ஒரு பயிற்றுநரை அமர்த்துவதை உடனேயே விட்டுவிட்டோம். ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டும் நிற்கும் மைதானத்தில் அந்தப் பிள்ளை ஒரு நிமிடமேனும் கண்ணிலிருந்து தப்ப முடியாது. நீச்சல் நல்லதுதான், ஆனால் அவள் ஏற்கெனவே பாடசாலையில் நீந்துகிறாள்.

புற்தரைப் பயிற்சியின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 1976 மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைப் புற்தரையில் ஆடப்பட்டதிலிருந்து அந்த ஆட்டத்தின் வேகமே மாறிவிட்டது. நம்முடைய பிள்ளைகளில் பலர் இன்னமும் மேடும் பள்ளமுமான பாடசாலைப் புல் மைதானத்தில்தான் பழகுகிறார்கள். அங்கே 160 கிராம் அளவு நிறையுள்ள பந்து ஒரு மண்கட்டியில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பந்தை நிறுத்தத் தவறிய பிள்ளை தன் கையைக் குறை சொல்வதா, நிலத்தைக் குறை சொல்வதா என்று குழம்பிப் போகிறது. புற்தரையில் பந்து நேராக வருகிறது. பந்தை வாங்கும் முறை, வாங்கிய கையோடு திரும்பும் முறை, தள்ளிக் கொடுக்கும் முறை ஆகியவற்றை அங்கே நான்கு சனிக்கிழமைகளில் அவள் கற்ற அளவுக்குப் பாடசாலையில் ஒரு தவணையில் கற்கவில்லை. கொழும்பு ரீட் அவென்யூ ஹொக்கி மைதானத்தில் பெரியவர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் போல ஆட வேண்டும் என்று தானாகவே ஏங்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பருவம் அல்லாத மாதங்களிலும் புற்தரைக்கே அனுப்புங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆயினும் ஹொக்கி உடலின் ஒரு பக்கத்தையே அதிகம் உழைக்க வைக்கும் விளையாட்டு. மட்டையின் வளைந்த பின்புறத்தால் பந்தை ஆடக் கூடாது என்பதாலும், தட்டையான முகம் இடப்பக்கத்தில் மட்டுமே இருப்பதாலும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கென்று வேறு மட்டை கிடையாது. எல்லோருக்கும் இடக்கை மேலே, வலக்கை கீழே. எல்லோரும் ஒரே பக்கமாக முறுக்கிக் குனிகிறார்கள். ஒரு பருவம் முழுவதும் அப்படிக் குனிந்து ஓடிய பதினொரு வயதுப் பிள்ளை இரவில் "இடுப்புக்கு மேல நோகுது" என்று சொல்வதில் வியப்பில்லை. இளம் விளையாட்டு வீரர்கள் தமது முதன்மை விளையாட்டிலிருந்து வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களும், ஆண்டில் மொத்தமாக மூன்று மாதங்களாவதும் விலகி நிற்பது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016 இல் வெளியிட்ட அறிக்கை பரிந்துரைக்கிறது. அந்த மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, மாதம் மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம் என்கிறது. அந்த ஓய்வு சோபாவில் படுத்துக் கிடப்பதல்ல. உடலை வேறு விதமாக அசைப்பது.

ஸ்கேட்டிங் அந்த வகையில் நன்றாகப் பொருந்துகிறது. முழங்கால்களை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலால் பக்கவாட்டில் உந்தி மறு காலில் வழுக்க வேண்டும்; பின்னர் கால் மாற வேண்டும். இரு பக்கமும் சமமாக உழைக்கின்றன. ஹொக்கிக்கு வேண்டிய தாழ்ந்த நிலையும் சமநிலையும் இங்கேயும் வேண்டும், ஆனால் முதுகை முறுக்க வேண்டியதில்லை. முதல் நாள் வகுப்பில் ஓடக் கற்பிக்கவே இல்லை. நாற்பது நிமிடங்கள் விழக் கற்பித்தார்கள்: முழங்கால்களை இன்னும் மடி, முழங்கால் கவசத்தின் மீது இறங்கு, பிறகு உள்ளங்கைகளை முன்னே வை, விரல்களை மேலே தூக்கு. வரிசையாக நின்ற பன்னிரண்டு பிள்ளைகளும் ஒவ்வொருவராக விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். பருவம் முழுவதும் ஒரு பந்தைத் தவறவிட்டாலே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற என் மகள், அன்று விழுவதே பாடம் என்று தெரிந்தவுடன் வாய்விட்டுச் சிரித்ததை மண்டபத்தின் ஓரத்தில் இருந்து பார்த்தேன். அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

இனி, எங்கள் முடிவைத் தீர்மானித்த விடயத்துக்கு வருகிறேன். கட்டணம், தூரம், பயிற்றுநரின் தகுதி எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. பிள்ளை ஒரு நாள் வராமல் விட்டால் என்ன நடக்கும் என்ற ஒரேயொரு கேள்விதான் அவற்றைப் பிரித்தது. ஒரு வகுப்பு நெருக்குதல் இல்லாதது என்று அதை நடத்துபவர் சொல்வதை வைத்து அறிய முடியாது. எல்லோருமே "இங்கே பிள்ளைகள் மகிழ்ச்சியாக விளையாடுவார்கள்" என்றுதான் சொல்வார்கள். வராத நாளுக்குப் பிள்ளை என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் நெருக்குதல் ஒளிந்திருக்கிறது.

புற்தரைப் பயிற்சியில் மூன்று மாதக் கட்டணமாக 18,000 ரூபாயை முன்கூட்டியே செலுத்த வேண்டியிருந்தது. ஆண்டு இறுதியில் ஆறு பேர் கொண்ட அணிகளுக்கு ஒரு சிறு போட்டி நடத்துவதாகவும், வரவுப் பதிவைப் பார்த்தே அணியைத் தெரிவு செய்வதாகவும் இரண்டாம் வாரம் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் அறிவித்தார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. அணி என்றால் ஒழுங்காக வருபவர்களுக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் நான்காவது சனிக்கிழமை காலை மகளுக்குக் காய்ச்சல். வெப்பமானியில் 101 பாகை. கஞ்சிக் கோப்பையைக் கையில் கொடுத்தபோது அவள் கேட்டது இதுதான்: "அம்மா, இண்டைக்குப் போகாட்டி என்ர பேரை வெட்டிடுவினமோ?" ஓய்வுக்கென்று நாங்கள் தேடிக் கொடுத்த இடத்தைப் பற்றி, காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை கேட்ட கேள்வி அது. புலமைப்பரிசில் ஆண்டில் ரியூஷனுக்குப் போக முடியாத ஒரு நாளிலும் இதே குரலில்தான் கேட்டாள். எஞ்சிய இரண்டு மாதக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பது தெரிந்தும் அன்று பின்னேரமே விலகுவதாகத் தீர்மானித்தோம்.

ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னர், இம்முறை தொலைபேசியிலேயே கேட்டுவிட்டேன்: இரண்டு கிழமை வராவிட்டால் என்ன செய்வீர்கள்? சிங்களமும் தமிழுமாக அந்த ஆசிரியை சொன்ன பதில், "வாற அண்டைக்கு வரட்டும், விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம்" என்பது. வந்த நாளுக்கு மட்டும் 1,000 ரூபாய். வரவுப் பதிவு இல்லை, போட்டி இல்லை, கராத்தேயில் போல மட்டத்துக்கொரு பட்டியும் இல்லை. நவம்பரில் உறவினர் திருமணத்துக்காக யாழ்ப்பாணம் போய் மூன்று வாரங்கள் விட்டுவிட்டு வந்தபோது, பின்னோக்கி ஓடுவதை மறந்திருந்தாள். ஆசிரியை அவளைச் சுவரோரம் கூட்டிச் சென்று கால்களை எலுமிச்சம்பழ வடிவில் விரித்துச் சேர்க்கும் பயிற்சியை மீண்டும் தொடங்கினார், அவ்வளவுதான். கடைசிப் பதினைந்து நிமிடங்களுக்குப் பிள்ளைகளின் கையில் பிளாஸ்ரிக் மட்டைகளும் மென்பந்தும் கொடுத்து, கோல்கள் எண்ணாமல், சில்லுகளின் மீதே ஹொக்கி ஆட விடுகிறார்கள். சில்லு ஹொக்கி 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக ஆடப்பட்ட விளையாட்டு என்று அவளிடம் சொன்னேன். அதைக் கேட்டதிலிருந்து, தான் இரண்டு ஹொக்கி ஆடுவதாகத் தோழிகளிடம் சொல்லிக்கொள்கிறாள்.

நீங்களும் எந்த வகுப்பில் சேர்ப்பதாக இருந்தாலும் இந்தக் கேள்வியை நேரடியாகக் கேளுங்கள். பதிலில் "ஒழுங்காக வந்தால்தான்" என்ற சொற்கள் வந்தால், அது நல்ல பயிற்சியாக இருக்கலாம், ஆனால் ஓய்வு மாதங்களுக்குரிய பயிற்சி அல்ல.

ஸ்கேட்டிங்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது மழை. எங்கள் மண்டபத்துக்குக் கூரை உண்டு, பக்கச் சுவர்கள் இல்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை சாய்ந்து அடிக்கும்போது சீமெந்துத் தரையின் பாதி நனைந்துவிடும். ஈரத் தரையில் சில்லு பிடிக்காது, வகுப்பை நிறுத்திவிடுவார்கள். புற்தரையிலோ ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பதே வழக்கம், இலேசான மழை அங்கே தடையல்ல. இரண்டாவது, விழும்போது முதலில் அடிபடுவது மணிக்கட்டு. ஸ்கேட்டிங்கில் மிக அதிகமாகக் காயப்படும் உறுப்பு அதுதான் என்பதால், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாங்கிவிட்டு மணிக்கட்டுக் கவசத்தைப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். மூன்றாவது பராமரிப்பு. ஹொக்கி மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தால் போதும். காலுக்கு நான்கு சில்லுகள் ஒரே வரிசையில் உள்ள ஸ்கேட்ஸில் ஒரு சோடிக்குப் பதினாறு பெயாரிங்குகள் இருக்கின்றன, கடற்காற்று வீசும் வெள்ளவத்தை மாடிவீட்டில் அவை ஒரு மாதத்தில் கரகரக்கத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் தந்தையும் பழைய பத்திரிகையை விரித்து, சில்லுகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, பெயாரிங்குக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, உட்புறம் தேய்ந்த சில்லுகளை இடம் மாற்றிப் பூட்டுகிறார்கள். இந்த வேலை எனக்குச் சுமையாகத் தெரிந்தது, அவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. நாங்கள் வாங்கியது அளவு மாற்றக் கூடிய, ஒரு முறை கைமாறிய சோடி, 9,000 ரூபாய். பாதம் வளர்ந்தாலும் இன்னும் இரண்டு அளவுக்கு இழுத்து நீட்டலாம், பிறகு வேறொரு பிள்ளைக்கு விற்றுவிடலாம்.

ஸ்கேட்டிங்கால் ஹொக்கி முன்னேறுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரு பிள்ளையின் நான்கு மாத அனுபவம் மட்டுமே. பந்தைக் கையாளும் திறன் மங்கத்தான் செய்தது. அதற்காக மாடிக் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில், கீழ்வீட்டு அங்கிளின் அனுமதியோடு, ரெனிஸ் பந்தை வைத்து நாளுக்குப் பத்து நிமிடங்கள் தட்டுகிறாள், அதுவும் விரும்பிய நாட்களில் மட்டும். ஜனவரியில் பாடசாலைப் பயிற்சி மறுபடி தொடங்கியபோது முன்பைவிடத் தாழ்ந்து ஓடுகிறாள் என்று அவளது மிஸ் சொன்னார். அது ஸ்கேட்டிங்கின் பலனா, இடையில் வளர்ந்துவிட்ட உயரத்தின் பலனா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. கோல் காப்பாளராக ஆடும் பிள்ளைக்கும், பதினைந்து வயதைத் தாண்டி மாகாண அணியைக் குறிவைக்கும் பிள்ளைக்கும் என் பரிந்துரையை அப்படியே பொருத்திவிட வேண்டாம். அவர்களுக்குப் புற்தரையில் செலவிடும் ஒவ்வொரு வாரமும் தேவைப்படலாம்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு முடிவு செய்திருப்பது, ஹொக்கிப் பருவம் நடக்கும்போதும் ஸ்கேட்டிங்கை முற்றாக விடாமல், முடிந்த சனிக்கிழமைகளில் மட்டும் போவது. சென்ற சனிக்கிழமை மகளுக்குப் போக மனமில்லை. ஸ்கேட்ஸ் பையைத் திறக்கவே இல்லை. பாட்டியோடு கட்டிலில் படுத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அப்படியே தூங்கிப் போனாள். ஆசிரியைக்கு நான் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், அவர் சரி என்று ஒரு சொல்லில் பதில் போட்டார்.